குழாயில் ஏறிய காற்று

குழாயைத் திறந்ததும் தண்ணீர் வராமல் முதலில் ஒரு இருமல் வரும், கேட்டிருப்பீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. தொண்டையில் கோழை கட்டிய கிழவனைப் போல இரண்டு கமறல் கமறிவிட்டு, வெள்ளையாக நுரைத்தண்ணீரைத் துப்பும். பிறகு அதுவும் நின்றுபோகும். குழாய்க்குள் காற்று ஏறிவிட்டால் அப்படித்தான். குற்றாலத்தில் எங்கள் தெருவில் குழாய் வைத்த வீடு ஒன்றே ஒன்று. அது என் தம்பி வல்லிநாயகத்தின் வீடு.

இந்த ஆறுமுகநயினார் அதிர்ந்து பேசாத ஆள் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாகம் பிரித்தபோது கூட நான் வாய் திறக்கவில்லை. அப்பா வீட்டின் நடுவே சுவர் எழும்பியது. கிணற்றை மட்டும் பிரிக்கவில்லை. தண்ணீரில் கோடு போட முடியுமா என்று பெரியவர்கள் பொதுவில் விட்டுவிட்டார்கள்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. சீசனுக்கு வருகிறவர்களுக்கு அறை விடுகிறவன் தம்பி. அறுபத்திரண்டாம் வருஷம் கரண்டு மோட்டார் வாங்கி, கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் இருக்கிற திட்டில் வைத்தான். இலை தழை விழக்கூடாது என்று கிணற்றைப் பலகை போட்டு மூடினான். என் வாளி போவதற்கு ஒரு ஓட்டை விட்டான். கூடப்பிறந்தவனுக்கு அவன் செய்த தர்மம் அது.

விடிந்ததும் மோட்டார் ஓடும். என் மனைவி மூக்கம்மாள் வாளியை இறக்கும்போது சேறுதான் வரும். குடத்தைத் தூக்கிக்கொண்டு சிற்றாற்றுக்கு நடந்தாள். நான் தம்பியிடம் போய்ப் பதமாகத்தான் சொன்னேன். மதுரையிலிருந்து வந்து தங்கியிருந்தவர்கள் முன்னால் அவன் சிரித்தான்.

"மதினிய எங்க வீட்டுல வந்து பாத்திரம் கழுவச் சொல்லுங்கண்ணே. போறப்ப ரெண்டு கொடம் பிடிச்சுக்கிடட்டும்."

வந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. அவன் போய்ச் சேர்ந்த பிறகும் மன்னிக்கவில்லை.

போன ஆனியில் சாரல் பொய்த்தது. அருவியில் நூலளவு தண்ணீர் இல்லை; வந்தவர்கள் குழாயடியில் குளித்தார்கள். அந்தச் சமயத்தில் மோட்டாரில் ஏதோ சத்தம் என்று தென்காசியிலிருந்து ஃபிட்டர் காஜா வந்தான். நல்ல பையன், கேட்டதற்கெல்லாம் விளக்கம் சொன்னான். தண்ணீரை உறிஞ்சுகிற குழாயில் நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடிக்குமாம்.

"வெளிய ஒழுகுத தண்ணி கண்ணுக்குத் தெரிஞ்சிரும் அண்ணாச்சி. உள்ள ஏறுத காத்த எவன் பாக்க முடியும்?"

எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போனது. மத்தியானம் தம்பி கண்ணயரும்போது பலகையை விலக்கி, படிக்கம்பி வழியாகத் திட்டு வரைக்கும் இறங்கி, நட்டை ஒரு சுற்று தளர்த்திவிட்டு வந்தேன். சாயங்காலம் சுவருக்கு அந்தப்பக்கம் குழாய் இருமியது. உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு நின்ற ஒருத்தர் அவனை ஏசினார். அந்தக் குடும்பம் ஐந்தருவிப் பக்கம் வேறு இடம் பார்த்துப் போய்விட்டது. அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

காஜா வந்து முடுக்குவான், நான் தளர்த்துவேன். கடைசியில் அவனே குழம்பிப்போனான். தண்ணீருக்குள் கிடக்கிற அடி வால்வில்தான் கோளாறு, ஆள் அடிவரை இறங்கிப் பார்க்க வேண்டும் என்றான். மூடிக் கிடந்த கிணறு, அடியில் கெட்ட காற்று தேங்கியிருக்கும், விளக்கு இறக்கிப் பார்க்காமல் இறங்கவே கூடாது என்றும் எச்சரித்தான். புளியறையில் ஒரு வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று போனான்.

எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை அது. கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்குவார்கள். எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் இறங்கக் கூடாது. வீட்டுக்கு மூத்தவன் இறக்குவதுதான் வழக்கம்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே புது ஆட்கள் வருகிறார்களாம். பாகம் பிரித்த பிறகு முதல் தடவையாக என் வாசலில் வந்து நின்று, "வெளக்க நீங்களே எறக்குங்கண்ணே" என்றான். பலகையை எடுத்துப் போட்டோம். அவன் ஸ்பானர் எடுக்க வீட்டுக்குள் போனான். நான் விளக்கை இறக்கினேன். அவன் வந்து கேட்டான், நான் பதில் சொன்னேன், இறங்கினான். திட்டைத் தாண்டி இறங்கினான். கொஞ்ச நேரத்தில் ஸ்பானர் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. பின்னாலேயே பெரிதாக இன்னொரு சத்தம். கூப்பாடு போட்டால் அவன் மனைவி குருவம்மாள் பயந்துவிடுவாள் என்று பேசாமல் நின்றேன். அவள் காப்பியோடு வந்து எங்கே அவர் என்று கேட்கும் வரைக்கும் நின்றேன்.

விளக்கு இறக்கிப் பார்த்துத்தானே இறங்கினான், விதி என்றது ஊர். கிணற்றை இறைத்துச் சுத்தம் பண்ணினோம். மோட்டாரைக் கழற்றியாயிற்று, பலகையும் இல்லை, தண்ணீர் மேலே வந்துவிட்டது. ஆனால் ஆள் செத்த கிணறு என்று மூக்கம்மாள் அதில் வாளி போட மாட்டேன் என்கிறாள். இன்னும் ஆற்றுக்குத்தான் நடக்கிறாள். அவளுக்காகத்தான் எல்லாம் என்று அவளிடம் நான் எப்படிச் சொல்ல.

அடி வால்வில் ஒரு குறையும் இல்லை, மேலே நட்டுதான் தளர்ந்திருந்தது என்று காஜா உங்களிடம் சொல்லியிருக்கிறான். சரிதான். தளர்த்தியது நான்தான். ஒரு நட்டுக்காக யாரையும் தூக்கில் போடுவதில்லை. விளக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். திட்டைத் தாண்டியதும் சுடர் சுருங்கி அணைந்துவிட்டது. நான் கயிற்றை மேலே இழுத்து, மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்துப் பற்றவைத்தேன். அப்போதுதான் அவன் ஸ்பானரோடு வந்தான்.

"வெளக்கு எரியுதாண்ணே?"

"எரியுது. எறங்குலே."

நான் ஆயுசில் பொய் சொன்னதில்லை, ஐயா. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, என் கையில்.