தானாக எழுந்துகொள்ளும் செர்வர்

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற காலைப் பேருந்து. என் முன் சீட்டில், கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிய ஒருவன், பக்கத்தில் அதே அட்டையோடு இருந்த பெண்ணிடம் சொன்னான்:

"ஒரு வாரமா அது திடீர் திடீர்னு சாவுது லில்லிக்கா. அஞ்சு நிமிசத்துல தானா எந்திரிச்சிக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் அது கம்பெனி செர்வர் என்று தெரிந்தது. அந்தக் கம்ப்யூட்டர் நின்றால் உற்பத்தி லைன் முழுக்க நின்றுவிடுமாம்.

"இன்னிக்கும் நின்னா என்னைத் தூக்கிடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

"இன்னா கதிரு, வயரெல்லாம் பாத்தியா?"

"வயரு, மெமரி, எல்லாம் மாத்திட்டேன். ஃபேனும் சுத்துது. ஆனா உள்ள கொதிக்குதுக்கா."

"ஆயுதபூசைக்கு ரோஜா மாலை போட்டீங்களே, இன்னும் அது மேலயே தொங்கினு கீதா? முன்னாடி பூரா மூடிகினு?"

"ஆமா."

"அப்புறம் காத்து எப்பிடிடா போவும்? மூக்கைப் பொத்தி வெச்சிட்டு, ஏன் மயக்கம் போடுதுன்னு கேக்கிற."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "மேனேஜரே போட்ட மாலைக்கா. யாரும் கை வெக்கக் கூடாதுன்னாரு."

"அப்ப அவருக்கே போன் போடு."

போட்டான். "சார், காரணம் தெரிஞ்சிடுச்சு சார். நீங்க போட்ட மாலை காத்து போற வழிய அடைச்சிட்டிருக்கு."

மேனேஜர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான்.

"சரி சார், போனதும் எடுத்துடறேன். யாரு போட்டதுன்னு ரிப்போர்ட்ல எழுதல சார். அப்ப என் வேலை சார்?"

போனை வைத்ததும் லில்லி, "இன்னாடா சொன்னாரு?" என்றாள்.

"வெளிய யாருக்கும் தெரியாத வரைக்கும் வேலை இருக்குமாம்க்கா."

எல்லாவற்றையும் கேட்டபடி நின்ற கண்டக்டர்தான் முதலில் சிரித்தார்.