ஜெராட் தானாக நிற்கவில்லை

செல் வருகிறது, பீரங்கிக் குண்டு. முதலில் தூரத்தில் 'டும்' என்று ஒரு குத்து. பிறகு கூவல். கூவல் நின்றால் தலைக்கு மேலே வந்துவிட்டது.

"குத்துறான்! படுங்கோ! பங்கருக்குள்ள படுங்கோ!"

கத்துவது என் கணவர் ஜெராட். நான் ஷாலினியை மார்போடு அணைத்தபடி குழிக்குள் சரிகிறேன். அவளுக்கு நாலு வயது. மூத்தவன் நிமல் தகப்பனின் கையில். தலைக்கு மேலே பனங்குற்றிகள். குற்றி போதாத இடத்தில் சேலைகளைப் பைகளாகத் தைத்து மண் நிரப்பியிருந்தோம். என் கூறைச்சேலையும் அதில் ஒன்று. நிலம் அதிர்கிறது. காதுக்குள் ஊசிச் சத்தம். மண் வாய்க்குள் போகிறது.

2009 மாசி மாதம். புதுக்குடியிருப்புக்குக் கிழக்கே, பெரிய ரோட்டின் ஓரம். பின்னேரம்.

பக்கத்துத் தறப்பாள் கூடாரத்தில் இருந்தவர்கள் சட்டி பானையோடு ஓடுகிறார்கள்.

"ஜெராட் அண்ணை! இஞ்சை நிக்காதேங்கோ! எல்லாரும் கடற்கரைப் பக்கம் போகினம்!"

ஜெராட் போகவில்லை. அந்த ரோட்டை விட்டு விலக அவருக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதர் அவரை அங்கே நிற்கச் சொல்லியிருந்தார்.

அந்த மனிதர் அப்போது ஓர் ஐரோப்பிய உதவி நிறுவனத்தின் வன்னிப் பொறுப்பாளர். இன்று தன் நாட்டின் ஜனாதிபதி. பெயரை நான் எழுதப்போவதில்லை. ஜெராட் அவரைச் 'சேர்' என்பார். ஜெராட் மன்னாரில் ஆங்கிலம் படிப்பித்தவர். பிறகு சேருடைய மொழிபெயர்ப்பாளர். சேர் எங்கள் வீட்டில் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டிருக்கிறார். நிமலைத் தோளில் தூக்கி வைத்து விளையாடியிருக்கிறார்.

அதற்கு முந்தின புரட்டாதியில், அரசாங்கத்தின் உத்தரவில், வெளிநாட்டுக்காரர் எல்லோரும் வன்னியை விட்டுப் போனார்கள். போகும் நாளில் சனம் அலுவலகக் கேற்றை மறித்துக்கொண்டு அழுதது. நான் பிள்ளைகளோடு நின்றேன். வெள்ளை வாகனம் இரைந்துகொண்டு நின்றது. பின்சீற்றில் பெட்டிகள்.

"சேர், என்னை விடுங்கோ. மனுசியையும் பிள்ளையளையும் ஏத்துங்கோ."

ஜெராட் ஆங்கிலத்தில்தான் கேட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னார். சேர் இல்லையென்று தலையை அசைத்தார். அனுமதி இல்லை என்றார். ஜெராட் திரும்பவும் கேட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அப்போதுதான் சேர் அந்த வாக்கைக் கொடுத்தார். இரண்டு கிழமை. உங்கள் எல்லோருக்கும் அனுமதியோடு வருவேன். பெரிய ரோட்டை விட்டுத் தள்ளிப் போகாதே. அலுவலக ரேடியோவை வைத்திரு, அதில் கூப்பிடுவேன். நான் வந்து தேடுவேன்.

ஜெராட் நம்பினார். நானும் நம்பினேன்.

இடம்பெயர்ந்த ஒவ்வொரு இடத்திலும் ரோட்டோரமாகவே இருந்தோம். உழவு இயந்திரத்தின் பற்றரியில் ரேடியோவுக்குச் சார்ஜ் ஏற்றினார். முதலில் சேர் பதில் சொன்னார். பொறு என்றார். பிறகு இரைச்சல் மட்டும்.

அந்தப் பின்னேரம் செல் கொஞ்சம் ஓய்கிறது. ரோட்டில் யாரோ கத்துகிறார்கள்.

"வெள்ளை வாகனம் வருது! வாகனம் வருது!"

ஜெராட் எழும்புகிறார். நிமல் அவர் கழுத்தைக் கட்டியிருக்கிறான். இறக்கிவிட்டுப் போங்கோ என்று நான் சொல்கிறேன். "அவனைக் கண்டால் சேருக்கு எங்களை அடையாளம் தெரியும்" என்கிறார். ஏறி ஓடுகிறார்.

குத்து. கூவல். கூவல் நின்றது.

வந்தது காயப்பட்டவர்களை ஏற்றிய லொறி. வெள்ளை நிறம்கூட இல்லை. தகப்பனையும் பிள்ளையையும் ரோட்டோரத்திலேயே புதைத்தோம். செபம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

நான் இப்போது நோர்வேயில், ஒஸ்லோ நகரின் வெஸ்ட்லிப் பகுதியில் இருக்கிறேன். ஷாலினி சட்டம் படிக்கிறாள். சேர் அமைச்சரானதையும் ஜனாதிபதியானதையும் அவள்தான் போனில் காட்டினாள். அவருடைய வாழ்க்கை வரலாறு எங்கே எழுதப்பட்டாலும் வன்னியில்தான் தொடங்குகிறது. போர்முனையில் நின்ற மனிதர் என்று. எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் ஏதோ முயன்றிருப்பார், முடியாமல் போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன இலையுதிர்காலம் அவர் ஒஸ்லோவுக்கு வந்தார். சமாதானம் பற்றிப் பேச்சு. எங்கள் தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்கு ஆட்களைச் சேர்க்கும் சேவியர் அண்ணர் வீடு தேடி வந்தார்.

"தங்கச்சி, ஜனாதிபதி உங்களைச் சந்திக்க வேணுமாம். ஜெராட்டின்ர மனுசி எண்டு கேட்டுப் போன் எடுத்தவை."

போனேன். முன்வரிசையில் இருத்தினார்கள். மேடையில் அவர். தலை நரைத்திருந்தது. குரல் மாறவில்லை.

"எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார்" என்றார். "வாகனத்தில் இடம் இருந்தது. ஏறச் சொன்னேன். 'நீங்கள் போங்கள், நான் என் மக்களோடு நிற்கிறேன்' என்றார். அந்தத் துணிச்சல்தான் என்னை அரசியலுக்குக் கொண்டுவந்தது."

மண்டபம் எழுந்து கை தட்டுகிறது. சேவியர் அண்ணர் அழுகிறார். என் கை எழவில்லை. ஷாலினி என்னைப் பார்க்கிறாள். கேற்றில் நடந்ததை அவளுக்கு நான் எப்போதோ சொல்லியிருந்தேன்.

பிறகு கை குலுக்க வரிசை. அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். நான் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் சொன்னேன். "அவர் எங்களை ஏற்றச் சொல்லி உங்களைக் கேட்டார்."

அவருடைய சிரிப்பு அப்படியே இருந்தது. காதருகே குனிந்தார்.

"தெரியும்" என்றார்.

நிமிர்ந்தார். கமராவைப் பார்த்தார். வெளிச்சம் அடித்தது. அடுத்த ஆளை அழைத்தார்கள்.

மறந்துவிட்டார் என்றால் தாங்கியிருப்பேன்.

வெளியே வந்து ஷாலினியிடம் அவர் சொன்னதைச் சொன்னேன். "தெரிஞ்சும் ஏனம்மா மாத்திச் சொன்னவர்?" சேவியர் அண்ணர் இடையில் வந்தார். "பிள்ளை, ஒரு நாட்டின்ர தலைவர் எங்கட ஆளைப் புகழுறார். இதைக் கெடுக்காதேங்கோ. ஜெராட்டுக்குத்தானே மரியாதை."

படம் ஜனாதிபதியின் இணையத்தளத்தில் வந்தது. கணவரின் தியாகத்தைப் போற்றியதற்கு நன்றி கூறும் விதவை என்று கீழே எழுதியிருந்தது. அதை எடுத்துவிடச் சொல்லி ஷாலினி அவர்களுக்கு எழுதினாள். எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனேன். கோயிலோடு ஒட்டிய மண்டபத்தில், தேநீர் மேசைக்கு மேலே, சட்டம் போட்டு அதே படம். சேவியர் அண்ணரின் வேலை.

கதிரையில் ஏறிக் கழற்றினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜெராட் தானா நிக்கேல்லை" என்றேன். "எங்களை ஏத்தச் சொல்லிக் கெஞ்சினவர். விட்டிட்டுப் போனவங்கள். வருவன் எண்டு சொல்லி ரோட்டில நிக்க வைச்சவர் இந்த மனுசன்."

சேவியர் அண்ணர் எழும்பி வெளியே போனார். அவரோடு சிலர் போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். நகரின் தெற்கே ஹொல்ம்லியாவிலிருந்து வரும் ஒரு பெண் கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டாள். "முழுக்கச் சொல்லுங்கோ அக்கா" என்றாள். சொன்னேன். அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

அந்த அலுவலகத்தோடு சேர்ந்த நாங்கள் இழந்தவை. என் கணவர் ஜெராட். என் மகன் நிமல், முதலாம் வகுப்பு. காவலாளி பாலா அண்ணர், மாத்தளனில், தண்ணீர் எடுக்கப் போன இடத்தில். சமையல் செய்த மரியம்மா அக்கா. அவருடைய கைக்குழந்தை, ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, பெயர் வைக்கவில்லை. சாரதி ரூபன், இராணுவத்தின் பக்கம் கடக்கும் வட்டுவாகல் பாலம் வரை வந்தார், அதற்குப் பிறகு கண்டவர் இல்லை. அடம்பனில் எங்கள் வீடு. நிமலின் முகம் உள்ள படங்கள், ஒன்றும் மிஞ்சவில்லை.

தப்பியவர்கள். நான். ஷாலினி. ஜனாதிபதி.