யார் யார் பார்க்கலாம்

— இல்ல தம்பி, அப்படி எழுதாதீங்க. இங்க தங்கியிருக்கிற பொம்பளைங்க விவரத்த எல்லாரும் பார்க்கக் கூடாது. வார்டன் நான் ஒருத்திதான் பார்க்கணும்.

— சரிங்க மேடம், மாத்திடுறேன். உங்களுக்கு என்ன தேவைன்னு கேட்டு எழுதத்தான் கம்பெனி என்னை அனுப்பியிருக்கு. அத வச்சுத்தான் சாஃப்ட்வேரே பண்ணுவாங்க. சப்போஸ் நீங்க லீவுன்னா?

— எனக்கு ஏது லீவு? அடி வாங்கிட்டு ஓடி வர்றவ நாள் கிழமை பார்த்தா வர்றா?

— சப்போஸ் ஒருத்தங்க வந்துட்டாங்க. முதல்ல என்ன கேப்பீங்க?

— சாப்டியான்னு கேப்பேன். அதையும் எழுதிக்குவீங்களா?

— எழுதிக்கிட்டேன் மேடம். அப்புறம் பேரு?

— அவங்க சொல்றதுதான் பேரு. பாதிப் பேரு பொய்ப் பேருதான் சொல்லுவாங்க. நான் நோண்ட மாட்டேன்.

— அப்போ பேரப் போட்டுத் தேடினா கிடைக்க மாட்டாங்க. வேற எதாவது அடையாளம்? சப்போஸ் முகத்துல தழும்பு, கூட வந்த பொண்ணு எந்த ஸ்கூல்ல படிக்குது, அந்த மாதிரி?

— கூட வந்தது பொண்ணுன்னு நான் சொல்லலையே.

— ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மேடம்.

— இத பாருங்க. போன தடவை வந்தப்ப பின்வாசல் எங்க, மாடியில யாரு தங்குறாங்கன்னு கேட்டீங்க. பின்வாசலுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்னு அப்பவே எனக்கு உறுத்துச்சு. மொதல்ல அந்த லேப்டாப்ப மூடுங்க.

— மேடம், நான் நிஜமாவே கம்பெனி ஆளுதான். ஐ.டி. கார்டு காட்டட்டுமா?

— கம்பெனி ஆளுதான், இல்லேங்கல. யாரோட புருஷன்?

— மேடம்...

— கேக்குறேன்ல?

— இந்த வேலைய நான்தான் கேட்டு வாங்கினேன். அவ தன் செல்போன வீட்லயே போட்டுட்டுப் போயிட்டா. அதுல இந்த ஹோம் நம்பர் இருந்துச்சு. ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுறேன். உங்க கால்ல வேணா விழறேன்.

— கை ஓங்குறப்ப எங்க போச்சு இந்தக் கால்ல விழற புத்தி?

— குடும்பம்னா ஒண்ணு ரெண்டு நடக்கத்தான் செய்யும். அதுக்காகப் புள்ளையத் தூக்கிட்டு ஓடிடறதா?

— எந்திரிங்க சார். வெளிய போங்க. இங்க யாரு இருக்கா, இல்லன்னு உங்ககிட்ட நான் சொல்ல முடியாது.

— போட்டோவயாவது பாருங்க. இவதான். நல்லா இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிடுறேன்.

— காட்டாதீங்கன்னு சொல்றேன்ல, நான்... இருங்க. அந்தச் செல்போன இப்படிக் குடுங்க. இவங்க எப்போ வீட்ட விட்டுக் கிளம்புனாங்க?

— அந்தப் பேய் மழை பேஞ்சுதே, அன்னைக்கு. ஆபீஸ்லேர்ந்து வந்தேன், கதவு சும்மா சாத்திக் கெடந்துச்சு. ரெண்டு பேரையும் காணோம்.

— போலீஸ்ல சொன்னீங்களா?

— எதுக்கு? இங்கதான் இருக்கான்னு எனக்குத் தெரியுமே. ஊரெல்லாம் சிரிக்கிறதுக்கா?

— சொந்தக்காரங்க வீட்ல?

— அவளுக்கு யாரும் கிடையாது. ஏன் மேடம் உக்காந்துட்டீங்க? நான் சத்தம் போட மாட்டேன், சத்தியமா. அவளக் கூப்பிடுங்க.

— யாரத் தம்பி கூப்பிடுறது? அதுக்கு மொத நாள்தான் இவங்க இங்க வந்து பேசிட்டுப் போனாங்க. மறுநாள் ஏதோ கடையிலேர்ந்து போன் பண்ணி, புள்ளையோட பாலத்துக்கிட்ட நிக்கிறேன், தண்ணி ஏறுது, எப்படியாவது தாண்டி வந்துடுறேன்னாங்க. வாசல் கேட்டத் திறந்து வச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தோம்.

— அப்புறம்?

— வரல. மனசு மாறி உங்ககிட்டயே திரும்பிப் போயிட்டாங்கன்னுல்ல இத்தனை நாளா நாங்க நெனச்சுக்கிட்டிருக்கோம்.