ஓடுற வெளிச்சத்துக்கு ஒரு கேமரா

— நட்சத்திரம் எடுக்கிற கேமரா வேணாங்க. நட்சத்திரம் நின்ன இடத்துல நிக்கும். எனக்கு ஓடுறதைப் பிடிக்கணும்.

— ஓடுறதுன்னா? விமானம், செயற்கைக்கோள், எரிகல்லு, ஒண்ணொண்ணுக்கும் ஒரு வேகம் இருக்கு சார். முதல்ல உக்காருங்க.

— உக்கார நேரமில்ல. நாளைக்குக் காலையில எனக்கு விசாரணை. இன்னைக்கு ராத்திரி இது பதிவாகியே ஆகணும்.

— ஏங்க, தலையும் இல்லாம வாலும் இல்லாம பேசினா அவருக்கு என்ன புரியும்? நான் சொல்றேன் அண்ணே. என் வீட்டுக்காரர் டவர் கிரேன் ஓட்டுறவர், ராத்திரி ஷிப்ட். போன வாரம் வானத்துல ஏதோ வெளிச்சம் ஓடுதுன்னு, தூக்கின கம்பிக் கட்டை அந்தரத்துலயே நிறுத்திட்டார். கீழே நாலு பேர் நின்னுட்டிருந்தாங்க.

— நிறுத்தாம? கிரேன் கைக்குக் குறுக்கே ஏதோ பறக்குது, மோதினா மோதட்டும்னு விடவா? மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் சிரிக்கிறான். ‘ஏறும்போது என்ன போட்டுட்டு ஏறினீங்க’ன்னு கேக்குறான். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல டீக்கு மேல எதையும் தொட்டவன் இல்லீங்க நான்.

— சரி சார், நிதானமா வருவோம். இருட்டுக்குன்னா உள்ளே வெளிச்சத்தை வாங்குற சென்சார் பெருசா இருக்கணும், லென்ஸோட வாய் அகலமா இருக்கணும். இந்தச் சின்னதுல எடுத்தா படம் பூரா மணலை வாரி இறைச்ச மாதிரி புள்ளி புள்ளியா வரும். இதோ, இது அப்படி வராது.

— அப்ப இதையே கட்டிக் கொடுங்க.

— நிதானம், நிதானம். அந்த வெளிச்சம் எவ்வளவு நேரம் இருக்கு?

— கண் மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும். வில்லு மாதிரி வளைஞ்சு, சர்ருன்னு ஒரே ஓட்டம்.

— அப்ப வீடியோதான் சரி. நட்சத்திரத்துக்கு லென்ஸைப் பத்து செகண்டு திறந்து வைக்கலாம். ஓடுறதை அப்படி எடுத்தா வெறும் கோடுதான் மிஞ்சும், விசாரணையில அதைக் கீறல்னு சொல்லிடுவாங்க. எந்தத் திசையில வருது? அதை வச்சுத்தான் லென்ஸ் சொல்லணும்.

— வலது பக்கம்.

— வலதுன்னா கிழக்கா, மேற்கா?

— வலதுதாங்க. எப்பவும் வலது.

— கிரேன் சுத்துமே சார்?

— சுத்தாம? முழு வட்டம் சுத்தும்.

— எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்களுக்கு வலதுலயே வருதா?

— அதைத்தானே சொல்றேன்! என்னைக் குறி வச்சு வருதுங்க அது.

— வீட்லயும் இதே கூத்துதான் அண்ணே. பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஜன்னலுக்கு ஓடுறார்.

— ஒரு நிமிஷம்மா. சார், உள்ளே லென்ஸ் சோதிக்கிற ரூம் இருக்கு. ஜன்னல் கிடையாது. ரெண்டு பேரும் வாங்க. கதவைச் சாத்துறேன்.

— கும்மிருட்டா இருக்கு. எதுக்குங்க இதெல்லாம்? நேரம் போகுது.

— தலையை அசைக்காம, கண்ணை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேகமா உருட்டுங்க.

— இப்படியா? அதோ! அதோ ஓடுது! இதேதான், இதே வளைவு! பாத்தீங்களா?

— சார், இந்த ரூமுக்குக் கூரை இருக்கு.

— என்ன அண்ணே சொல்றீங்க? என்னங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?

— இப்ப கண்ணை மூடிக்கிட்டே உருட்டுங்க சார்.

— மூடினாலும் வருது.

— கண்ணுக்குள்ள நடக்கிறதை எந்தக் கேமராவும் எடுக்காது சார். என் மச்சானுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. உள்ளே விழித்திரை கிழிஞ்சிருந்தது. கொசு பறக்கிற மாதிரி கறுப்பா ஏதாவது தெரியுதா?

— ரெண்டு நாளா தெரியுது. கேபின் கண்ணாடிதான் அழுக்குன்னு தொடைச்சுத் தொடைச்சு வச்சேன்.

— கடையைப் பூட்டிட்டு நானே வர்றேன், இப்பவே கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. அவன் நாளைக்கு நாளைக்குன்னு ஒரு வாரம் தள்ளினான். ஒரு கண்ணு போச்சு.

— இருங்க, இருங்க. கோளாறு என் கண்ணுலன்னா எனக்கு மட்டும்தானே தெரியணும்? இவளும் பாத்திருக்காளே! செவ்வாய்க்கிழமை மாடியில என் பக்கத்துலதான் நின்னா. ‘ஆமாங்க, அதோ போகுது’ன்னு கை நீட்டிக் காட்டினதே இவதான். டாக்டர்கிட்டப் போகலாம்னு இருந்தவன், அந்தத் தைரியத்துலதான் போகாம விட்டேன். மறுநாள் மூணாவது தடவையா எழுதிக் கொடுத்தேன். சொல்லேன் இவர்கிட்ட. சொல்லு!

— எல்லாரும் உங்களைப் பாத்துச் சிரிச்சாங்க. நீங்க ஒத்தையா நிக்கிறதைப் பாக்க மனசு வரலை, அதான் கையை நீட்டினேன். நான் எதையும் பாக்கலீங்க.