உள்ளாள் சொன்ன கேமரா

— அதெல்லாம் இருக்கட்டும் மாப்ள, வெலை என்னன்னு சொல்லு.

— வெலைக்குப் பறக்காதீங்க மாமா. மொதல்ல புது மிர்ரர்லெஸ் கேமராவுல என்னென்ன வருதுன்னு கேளுங்க. எடை பாதிதான். நாள் பூரா கழுத்துல மாட்டிக்கிட்டு நின்னாலும் சுளுக்கு புடிக்காது.

— ஆகா! கல்யாண ஃபோட்டோ எடுக்குற எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே. அப்புறம்?

— குரூப் ஃபோட்டோல யாராவது கண்ண மூடிட்டா அதுவே தொறந்து விட்டுடும்.

— அடி சக்கை!

— குறுக்க வந்து நிக்கிற பெரியப்பாவக் கண்டுபிடிச்சு, படத்துலேர்ந்து தூக்கிடும்.

— கையில செல்போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிப்பாரே…

— செல்போனோட சேத்துத்தான்.

— எந்தப் புண்ணியவான் மூளையில உதிச்சுதோ மாப்ள, அவன் வாயில சர்க்கரைய அள்ளிப் போடணும்!

— போடலாம்… போடலாம்.

— ஏன் முழிக்கிற?

— யாரு முழிச்சா? வீடியோ லைட்டு கண்ணுல அடிக்குது.

— சரி, வெலை?

— நீங்க வெச்சிருக்கீங்களே, அதோட வெலையில பாதி.

— இவ்ளோ வசதியும் சேத்து பாதியா? நம்பலாமா?

— என் உள்ளாள் சொன்னா சொன்னதுதான். தொழில்ல ஊறுன மனுஷன்.

— புதன்கிழமை கடைக்கு வந்துடும்ல?

— வரணும்…

— வரணுமா, வந்துடுமா? உன் யூடியூப் சேனல்ல மேசையத் தட்டித் தட்டி புதன்னு சொன்னியே!

— சேனல்னா தட்டத்தான் மாமா வேணும். நீங்க ஏன் இப்படிப் பதறுறீங்க? ஞாயித்துக்கிழமை என் கல்யாணத்துக்கு உங்க பழைய கேமரா போதாதா?

— போதும், போதும்… அதுக்கில்ல…

— அத ஒரு நிமிஷம் குடுங்க. இன்னைக்கு வீடியோவுல காட்டணும், 'இதான் செத்துப்போன மாடல்'னு.

— இப்பவா? தூசி மாப்ள. தொடைக்கணும்.

— நான் தொடைக்கிறேன், பைய விடுங்க… விடுங்கன்னா! என்ன இது, தூக்குனா ஒண்ணுமே இல்லாத மாதிரி… மாமா, உள்ள துண்டு இருக்கு!

— லென்ஸ் தொடைக்க…

— குளிக்கிற துண்டாலயா? கேமரா எங்க?

— கத்தாத. அடுத்த ரூம்ல உங்கக்கா இருக்கா.

— எங்க மாமா?

— …வித்துட்டேன்.

— வித்துட்டீங்களா!

— நீதானடா சொன்ன, 'கையில இருக்கிறத இன்னைக்கே தள்ளிடுங்க, அடுத்த வாரம் எடைக்குத்தான் போடணும்'னு? கேட்ட வெலைக்குக் குடுத்துட்டேன். பை காலியாத் தொங்குச்சுன்னா உங்கக்கா கண்டுபுடிச்சிடுவாளேன்னுதான் துண்டு.

— அய்யோ! என் கல்யாணத்த யாரு எடுக்குறது? வேற ஸ்டூடியோவுல இரவல் கேளுங்க!

— கேக்காம இருப்பேனா? ஒரு கடை விடாம ஏறி எறங்கிட்டேன். எல்லாப் பயலும் உன் சேனலத்தான் பாக்குறான். எல்லாப் பயலும் வித்துட்டு, புதன்கிழமை எப்ப வரும்னு ஈ ஓட்டிக்கிட்டு இருக்கான்.

— போச்சு… என் மானம் போச்சு. அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?

— நீ ஏன் கலங்குற? புதன்கிழமை கடை தொறக்கும்போது மொத ஆளு நான்தான். அந்தக் கேமரா எடுக்கப்போற மொத கல்யாணமே உன்னுது. பாரேன், ஒரு பெரியப்பா கூட விழமாட்டாரு.

— மாமா… அது வந்து…

— என்ன வந்து? சந்தேகமா இருந்தா உன் உள்ளாளுக்கு ஒரு ஃபோனப் போடு. நானே பேசுறேன்.

— அவரு… போன மாசம் டீக்கடையில கழுத்தத் தடவிக்கிட்டே, 'எடை கம்மியா, பெரியப்பா விழாம, பாதி வெலைக்கு, உன் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கேமரா வந்தா எவ்ளோ நல்லாருக்கும்'னாரு. அன்னைக்கு வீடியோ போட எனக்கு வேற விஷயமே கெடைக்கல…

— அடப்பாவி! ஆசைப்பட்டுப் பேசுனதயா சேதின்னு போட்ட? யாரு அந்த ஆளு? போடு நம்பர, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்!

— போட்டா… உங்க சட்டைப் பையிலதான் மாமா மணி அடிக்கும்.