பாஸான சலரோகம்

டோர்செட் பார்க்கில் பஸ் ஏறிய பெண் என் முன்னிருக்கையில் இருந்த தோழியிடம் சொன்னாள்:

"எங்கட அங்கிளின்ர சலரோகம் பாஸாகிட்டுதடி!"

அவள் வேலையாக அவர் வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் முன்னாள் கனேடியச் சிப்பாய்தான் அங்கிள் என்று பேச்சில் புரிந்தது.

"சீனி வருத்தம் பாஸாகிறதோ?"

"இளம் வயசில அவர் நிண்ட ஆமிக் காம்பில பத்தை அழிக்கிற மருந்து அடிச்சவங்கள். அதாலதான் வருத்தம் வந்தது எண்டு அரசாங்கத்திட்ட நட்டஈடு கேட்டு விண்ணப்பிச்சவர். அங்க நிண்டதுக்கு ஆதாரமில்லை எண்டு ரெண்டு தரம் திருப்பிவிட்டாங்கள். போன மாசம் அலுமாரி துடைக்கேக்க, அவர் அந்தக் காம்பில இருந்து தன்ர மனிசிக்கு எழுதின பழைய கடிதம் கிடைச்சுது. 'இண்டைக்கும் மருந்தில நனைஞ்சிட்டன்' எண்டு எழுதியிருக்கு. அதை அனுப்பினம்."

"அங்கிளுக்குச் சந்தோசமோ?"

"அவங்கட பதில் கடிதத்தில 'நீங்கள் அங்கே நின்றதை ஏற்றுக்கொள்கிறோம்' எண்ட வரியை மூண்டு தரம் என்னை வாசிக்கச் சொன்னார். நாலாம் தரம் எழும்பி நிண்டு தானே வாசிச்சார்."