எய்னோவின் வயலுக்குத் தண்ணீர் விட்டது

கிரான்பெரிப் பழத்தைச் சர்க்கரை சேர்க்காமல் தின்கிறவர்கள் குறைவு. என் தம்பி எய்னோ கைப்பிடியாக அள்ளித் தின்பான். எங்கள் ஊர் கார்வரில் அப்பா விட்டுப்போன சதுப்பு வயலை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். மேலே உள்ள குளம் பொது. பூச்சி வரும்வரை எங்களுக்குள் ஒரு சொல் தடித்ததில்லை.

நகத்தளவுகூட இல்லாத சாம்பல் நிற அந்துப்பூச்சி அது. ஜூலையில் பிஞ்சின் அடிக்குழியில் முட்டை வைக்கும். புழு துளைத்து உள்ளே போய், வந்த வழியை நூலால் அடைத்துக்கொள்ளும். ஒரு பழம் தீர்ந்தால் அடுத்தது. பிறகு மண்ணில் இறங்கி, மணலும் நூலும் சேர்த்துக் கூடு கட்டித் தூங்கும். அறுவடை முடிந்ததும் வயலை வாரக்கணக்கில் மூழ்கடித்தால் கூட்டுக்குள்ளேயே செத்துவிடும்.

மனைவி இறந்தபின் எய்னோ தண்ணீர் கட்டுவதை விட்டுவிட்டான். பூச்சி அவன் வயலிலிருந்துதான் வருகிறது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவன் சிரிப்பான்.

"உன் வடக்கு மேட்டுல தண்ணி ஏறவே மாட்டேங்குது அண்ணே. முதல்ல அதப் பாரு."

என் வயலைப் பற்றி எனக்கே பாடம்.

போன அக்டோபரில் ஒருவழியாக இறங்கிவந்தான். "சரி, உனக்காக இந்த ஒரு வருஷம். அடுத்த வருஷம் கேக்காத."

குளத்திலிருந்து கரைக்கு அடியில் அவன் வயலுக்குப் போகும் குழாயில் இலைதழை அடைத்திருந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி தொப்பியை மதகுக் கம்பத்தில் மாட்டிவிட்டு உள்ளே தவழ்ந்து போனான். தொப்பி தொங்கும்வரை, குளத்துத் தண்ணீரைத் தடுத்து நிற்கும் மதகுப் பலகையை யாரும் தொடமாட்டார்கள்.

எனக்குக் கோபமே இல்லை. அடுத்த வருஷம் என்ன செய்வது என்றுதான் யோசித்தேன். பூச்சி வருஷா வருஷம் வரும். தொப்பியை எடுத்து, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். பலகைகளை ஒவ்வொன்றாக உருவினேன்.

"அண்ணே, தண்ணி வருது, பலகையப் பாரு" என்றான். பலகை தானாக நழுவிவிட்டதென்று நினைத்திருக்கிறான். நான் அழுதேன். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சின்ன வயதில் அவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

தொப்பி காற்றில் பறந்திருக்கும், அவன் உள்ளே இருப்பது தெரியாமல் நான் மதகைத் திறந்துவிட்டேன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

அவன் வயல் வாரக்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தது. இந்த வருஷம் அங்கே ஒரு பழம்கூடச் சொத்தை இல்லை. என் வடக்கு மேட்டில்தான் பழத்துக்குப் பழம் புழு. எய்னோதான் இல்லையே, ஐயா. பிறகு அது எங்கிருந்து வருகிறது? அதைக் கேட்கத்தான் நானே உங்களிடம் வந்தேன்.